சாமிமார் போகும் வழியில்: திருவனந்தபுரத்தில் நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி

எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் திருவனந்தபுரம் என்றால் இரண்டே காரியம்தான். ஒன்று மெடிக்கல் காலேஜ், மற்றது விமான நிலையம். அப்பாவின் சிகிச்சைக்காக ஒரு வருஷம் வாராவாரம் போய் வந்திருக்கிறேன். அத்தனை தடவை போயும் பார்த்தது ஓ.பி. சீட்டு வரிசையும் மருந்துக்கடையும் மட்டும்தான். அப்பா போன பிறகு அந்தப் பக்கமே போகப் பிடிக்கவில்லை.

போன மாதம் மாமி சொன்னாள்: "ஒரு பிராவசியமாவது சீக்கு இல்லாம அந்த ஊருக்குப் போணும் மக்களே." மாமி அப்பாவின் அக்கா. வயது 78. மார்த்தாண்டத்தை இன்றும் தொடுவெட்டி என்றுதான் சொல்வாள். 1956 நவம்பர் 1ல் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவள் நான்காம் வகுப்பு. அதுவரை படித்தது மலையாளம். அதனால் அந்த ஊர் போர்டுகளை என்னைவிட வேகமாகப் படிப்பாள். அவளை விடச் சிறந்த வழித்துணை கிடைக்குமா? கிளம்பிவிட்டோம்.

ரயிலில் போயிருக்கலாம், குழித்துறையில் ஏறினால் சுகமாகப் போய்விடலாம். ஆனால் மாமிக்கு ரோடு வழியாகத்தான் போக வேண்டும். காரணம், அது சாமிமார் போகும் வழி. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்து சரஸ்வதி, வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். சரஸ்வதி யானைமேல், மற்ற இருவரும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறையில் தங்கல், இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரையில், மூன்றாம் நாள் கோட்டைக்குள். திருவிதாங்கூரின் தலைநகர் 1795ல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. பின்னாளில் நவராத்திரி பூஜையும் அங்கே போயிற்று. சாமிகளுக்கு வீடு மட்டும் இங்கேயே இருந்துவிட்டது. அதனால் வருஷம் ஒருமுறை போய் வருகிறார்கள். அந்த சரஸ்வதி கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

களியக்காவிளை தாண்டியதும் பஸ்ஸின் நிறமும் போர்டின் எழுத்தும் மாறும். தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் மாறாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை கடந்து பாலராமபுரத்தில் இறங்கினோம். கோயிலுக்கு உடுத்த முண்டும் நேரியதும், அதாவது இடுப்புக்கு ஒன்றும் மேலுக்கு ஒன்றுமான கேரளத்து இரட்டைத் துணி, வேண்டும் என்பது மாமியின் ஆசை. அதைக் கடையில் வாங்காமல் தறி இருக்கும் தெருவில் போய் வாங்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன்.

பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கூட்டிவந்து குடியேற்றிய சாலியர்கள்தான் இங்கே நெசவைத் தொடங்கியவர்கள். ஊருக்கே அந்த ராஜாவின் பெயர். தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்காரம்மா, நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழிலேயே உள்ளே கூப்பிட்டார். குழித்தறி. இடுப்புவரை குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, கால் மிதியை அழுத்த, நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் பிடிக்கிறார் அவர் கணவர். கரைக்கு வந்ததும் வேகம் குறைகிறது. கசவு என்னும் ஜரிகை இழையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பலகையை இழுத்து அடிக்கிறார். துணியை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். எது உள், எது வெளி என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் பாலராமபுரம் துணிக்கு அடையாளம். மாமி விலை கேட்டாள், பேரம் பேசவில்லை. மீன்காரியிடம்கூட விடாமல் பேரம் பேசுகிறவள்.

விடுதி பற்றி ஒரு வார்த்தை. முன்பதிவின்போது கீழ்த்தளம் என்றார்கள், வந்த பிறகு மூன்றாம் மாடி என்றார்கள், லிஃப்ட் இல்லை. வயதானவர்களோடு வருகிறவர்கள் வாய்வார்த்தையை நம்பாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு இடம் மாறுவதற்குள் இருட்டிவிட்டது. தட்டுக்கடையில் தோசையும் ரசவடையும் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். ரசத்தில் ஊறிய பருப்பு வடையை தோசைக்குத் தொட்டுக்கொள்வது இந்த ஊர் வழக்கம், தவறவிடாதீர்கள்.

இரண்டாம் நாள், சனி

கருக்கலில் எழுந்து கிழக்கே கோட்டைக்குப் போனோம். முதலில் பழவங்காடி கணபதி. ராணுவத்தினர் பராமரிக்கும் கோயில் இது. சிதறுதேங்காய் உடைகிற சத்தம் ரோட்டுக்கே கேட்கும். அங்கிருந்து நடந்தால் பத்மதீர்த்தக் குளம், அதன் முனையில் கோபுரம். கேரளத்துக் கோயில்களுக்குக் கூரைதான் வழக்கம், இதற்கு மட்டும் நம் நாட்டைப் போல ஏழு நிலைக் கோபுரம். திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவர்களுக்குத் தூரத்தில் பார்த்ததுமே சொந்த ஊர் ஞாபகம் வரும். நம்மாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

போகிறவர்கள் கவனத்துக்கு: இந்துக்களுக்கு மட்டும் அனுமதி. ஆண்கள் வேட்டி, மேலே சட்டை கூடாது. பெண்கள் சேலை அல்லது முண்டு நேரியது. சுடிதாரில் வந்துவிட்டால் மேலே ஒரு முண்டைச் சுற்றிக்கொள்ளலாம். போன், பை எல்லாம் வெளியே கொடுத்துவிட வேண்டும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

உள்பிராகாரத்தில் வரிசையாகக் கல்தூண்கள், 365¼ என்று கணக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு தூணிலும் கையில் விளக்கேந்திய ஒரு பெண். மாமி ஒவ்வொருத்தியையும் தொட்டுக்கொண்டே நடந்தாள். பிறகு ஒற்றைக்கல் மண்டபம். இருபது அடிச் சதுரத்தில் ஒரே கல், இரண்டரை அடி கனம். அங்கே விழுந்து கும்பிடும் உரிமை ராஜாவுக்கு மட்டும். நமக்கு நின்று தொழுவதுதான்.

பெருமாள் பதினெட்டு அடி நீளம் பள்ளிகொண்டிருக்கிறார். ஒரே பார்வையில் முழுதும் தெரியாது, மூன்று வாசல் வழியாகத் தான் பார்க்க வேண்டும். முதல் வாசலில் முகமும், சிவலிங்கத்தின்மேல் கவிந்த வலதுகையும். நடுவாசலில் நாபியிலிருந்து எழும் தாமரையும் பிரம்மாவும். மூன்றாவதில் திருவடி. உள்ளே எண்ணெய் விளக்கு மட்டும். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களை அடுக்கி, கடுசர்க்கரை யோகம் என்னும் கலவை பூசிச் செய்த திருமேனி அது. கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் வரிசை நகர்ந்துவிடும், ஆகவே ஒன்று சொல்கிறேன்: மூன்றையும் பார்க்க அவசரப்படாதீர்கள். முதல் வாசலில் ஒரு மூச்சு நின்று, அந்தக் கையை மட்டும் பாருங்கள். எனக்குத் தெரிந்தது ஐந்து விரல்களின் கறுப்பு மினுக்கம் மட்டும்தான். நெடுநேரம் வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை. 1750ல் மார்த்தாண்டவர்மா நாட்டையே இந்தப் பெருமாளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அவருக்குத் தாசனாக ஆண்டார். 2011ல் நிலவறைகளைத் திறந்ததிலிருந்து வெளியூர்க்காரர்கள் எல்லாரும் தங்கத்தைப் பற்றியே கேட்கிறார்கள். அந்தக் கையைப் பார்த்தவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள்.

வெளியே வந்தால் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்னும் பழைய கடிகாரம். மணி அடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கிடாக்கள் வந்து தாடிக்காரர் முகத்தின் கன்னங்களில் முட்டும். மாமி சின்னப்பிள்ளையாக ஒரு தடவை பார்த்ததாம். இன்னொரு மணி நேரம் காத்திருந்து மறுபடி பார்த்தோம்.

பக்கத்திலேயே குதிரமாளிகை. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. கூரைத் தாங்கல்களாக 122 மரக்குதிரைகள் வரிசையாக முன்காலைத் தூக்கி நிற்கின்றன. அந்த மாளிகை முடிந்த கொஞ்ச காலத்திலேயே, 1846ல், 33 வயதில் அவர் இறந்துவிட்டார். தஞ்சை நால்வர் என்னும் இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு இவர் சபையில்தான் இருந்தார். 1834ல் ராஜா அவருக்குத் தந்தத்தாலான வயலின் கொடுத்தார். வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் வடிவேலு முக்கியமானவர். அங்கே ஒரு மாடி ஜன்னலருகே நின்றால் கோபுரம் நேரே தெரிகிறது. ராஜா உட்கார்ந்து பாட்டு எழுதிய இடம் என்று வழிகாட்டி சொன்னார்.

நவராத்திரி மண்டபம் இதை ஒட்டித்தான். கச்சேரி நடக்கும் ஒன்பது நாளும் நமது சரஸ்வதி அங்கே கொலுவிருப்பாள். ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாளின் ஒரு கீர்த்தனம். யாரும் கை தட்டுவதில்லை. தேவிக்கு முன்னால் நடப்பது கச்சேரியில்லை, பூஜை. பெண்கள் அங்கே பாட இடமில்லாமல் இருந்தது. 2006ல் பாறசாலை பொன்னம்மாள் பாடினார், வயது 81. நேற்று நாங்கள் பஸ்ஸில் கடந்து வந்த அதே பாறசாலை. மூடிய கதவுக்கு முன்னால் மாமி கைகூப்பி நின்று கேட்டாள்: "நமக்க சரஸ்வதி வந்து இருக்கிய எடம் இதானே மக்களே?" இதேதான் என்றேன்.

மத்தியானம் சத்ய, மலையாளத்து விருந்துச் சாப்பாடு. அவியல், ஓலன், எரிசேரி, இஞ்சிக்கறி எல்லாம் எங்கள் ஊர் கல்யாணப் பந்தியிலும் உண்டு, புதிது இல்லை. போளியையும் பால்பாயசத்தையும் சேர்த்துச் சாப்பிடுவதுதான் இந்த நகரத்தின் முத்திரை. மஞ்சள் நிறத்தில் கைக்குட்டை மாதிரி மெல்லிய போளியை இலையில் விரிக்கிறார்கள். அதன்மேல் ஒரு கரண்டி பால்பாயசம். கரண்டி எடுக்காமல் கையால் பிசைய வேண்டும். கடலைப்பருப்புப் பூரணம் பாலில் கரைந்து, ஏலக்காய் மணம் ஏறி, விரலிடுக்கில் வழிகிறது. வழித்துச் சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பக்கத்து இலையில் இருந்த பெரியவர் அப்படித்தான் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் ரசமும் மோரும் வரும், அதனால் முதலிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

சாயங்காலம் சாலை பஜார். திவான் ராஜா கேசவதாஸ் காலத்துக் கடைத்தெரு. கொப்பரை, மிளகு, பாத்திரம், பூ, வாழைக்குலை என்று கிள்ளிப்பாலம் வரை நீள்கிறது. தமிழ் கேட்காத கடை குறைவு. பழக்கடையில் ஏத்தன், ரசகதலி, கப்பைப்பழம், நம்மூர் மட்டி எல்லாம் தொங்குகின்றன. மட்டிப்பழத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கடைக்காரர் எனக்குச் சொல்லித் தந்தார், தமிழில். சாகித்திய அகாதமி விருது பெற்ற தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவன் இந்தத் தெருவில்தான் கடை வைத்திருந்தார். மாமி எங்கேயும் நிற்கவில்லை. அவளுக்குப் பார்க்க வேண்டியது ஆரியசாலைக் கோயில். வேளிமலைக் குமாரசாமி வந்து தங்குமிடம்.

அங்கிருந்து பக்கம்தான் வலியசாலை. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், வாசலில் கோலம், தமிழ் பிராமணர்களின் அக்கிரகாரம். அதற்கு நடுவே மகாதேவர் கோயில், காந்தளூர் என்று பெயர் சேர்த்தே அழைக்கிறார்கள். ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று பள்ளியில் படித்தோமே, அந்த இடம் இது என்கிறார்கள். சாலை என்றால் இங்கே பாடசாலை. எங்கள் முஞ்சிறை பக்கத்துப் பார்த்திபபுரத்தில் 866ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, ஒரு சாலை நிறுவினான். அதற்கு முன்மாதிரி காந்தளூர் என்று செப்பேட்டிலேயே எழுதி வைத்தான். பார்த்திபபுரத்துக் கோயிலுக்கு நான் சைக்கிளில் போயிருக்கிறேன். அதன் மூத்த பள்ளிக்கூடம் இருந்த மண்ணில் இத்தனை வயதுக்குப் பிறகு வந்து நிற்கிறேன்.

மூன்றாம் நாள், ஞாயிறு

காலை தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். பஸ் நிலையத்தை ஒட்டிச் செங்கல் நிறத்தில் சுருண்டு எழும் கட்டிடம், லாரி பேக்கர் வடிவமைத்தது. உள்ளே படிக்கட்டு கிடையாது, தளமே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. சுவரோடு சேர்த்தே மேசையும் இருக்கையும், அதற்கு மேல் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வெளிச்சமும் காற்றும். முட்டுவலிக்காரியான மாமி மேல் வளைவு வரை ஏறிவிட்டாள். தலைப்பாகைக்காரர் கொண்டுவந்த மசால்தோசைக்குள் பீட்ரூட் சிவப்பு. தமிழ்நாட்டிலிருந்து முதல்முறை வருகிறவர்கள் திகைப்பார்கள், சாப்பிட்டுப் பாருங்கள், லேசான தித்திப்பு.

தலைமைச் செயலகம் வெளியே நின்று பார்த்தோம். 1869ல் திறந்த வெள்ளைக் கட்டிடம். அதற்கு முன்னால் நிற்கும் சிலை திவான் மாதவராவ், அதனால் அந்தச் சந்திப்புக்கே ஸ்டாச்சு என்று பெயர். பாளையத்தில் பள்ளிவாசல், கத்தோலிக்கப் பேராலயம், கணபதி கோயில் மூன்றும் கூப்பிடு தூரத்தில். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த கூட்டம் பள்ளிவாசல் நிழலில் நின்று ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தது.

நான் பார்க்க வந்த இடம் அருகிலிருக்கும் யூனிவர்சிட்டி காலேஜ். அன்றைக்கு மகாராஜா கல்லூரி. இங்கே தத்துவம் கற்பித்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891ல் வெளியிட்ட நாடகம் மனோன்மணீயம். அதன் தொடக்கத்தில் உள்ள வாழ்த்துத்தான் நாம் பள்ளியில் தினமும் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து. தமிழ்நாட்டின் மாநிலப் பாடல் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒருவர் எழுதியது! பேரூர்க்கடையில் தமது ஆசிரியர் ஹார்வி பெயரால் ஹார்விபுரம் என்று வீடு வைத்துக்கொண்டு இருந்தார், 1897ல் 42 வயதில் காலமானார். கல்லூரி பூட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்று, வாய்க்குள்ளேயே அந்தப் பாட்டை முழுக்கப் பாடினேன். மாமிக்கு அந்தப் பாட்டு தெரியும், பள்ளியில் அல்ல, என் தம்பி பாடப் பாடக் கேட்டுப் பழகியது.

பகலில் நேப்பியர் மியூசியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய அதே கட்டிடக் கலைஞர் சிசம் வரைந்தது, 1880ல் முடிந்தது. மின்விசிறி இல்லாத காலத்தில் காற்று உள்ளே சுற்றும்படி அமைத்திருக்கிறார். வெண்கலச் சிலைகள் நன்றாக இருக்கின்றன, தந்த வேலைகளும். நேரம் குறைவாக இருந்தால் அதே வளாகத்தில் ரவிவர்மா ஓவியங்களுக்கு முதலில் போய்விடுங்கள். கிளிமானூர் ஊர்க்காரர், 1848ல் பிறந்தவர். சிவப்புச் சேலையில் அன்னத்திடம் சேதி கேட்கும் தமயந்தியைப் பார்த்ததும் மாமி, "இது நம்ம வீட்டு காலண்டர்லயுள்ளது" என்றாள். ஆம், நம் தாத்தா காலத்து வீடுகளில் தொங்கிய அத்தனை காலண்டர் லட்சுமி, சரஸ்வதிகளுக்கும் இந்தக் கைதான் மூலம். ஆனால் காலண்டரில் இல்லாதது ஒன்று இங்கே இருக்கிறது. முள் எடுக்கிற பாவனையில் காலைத் தூக்கித் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையின் அருகே போய்ப் பாருங்கள். உடம்பின் பாரம் முழுவதும் தோழியின் தோளில் இறங்கியிருக்கிறது, முகம் மட்டும் அங்கே இல்லை. முள் இல்லை என்பது அந்தத் தோழிக்கும் தெரியும்.

மிருகக்காட்சி சாலைக்குப் போகவில்லை, மாமி களைத்துவிட்டாள். மியூசியம், குதிரமாளிகை, பத்மநாபபுரம் அரண்மனை எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. திட்டம் போடும்போது இதை மறக்காதீர்கள்.

இரவு நான் மட்டும் சாலை பஜாரின் உள்சந்தில் கேத்தல் சிக்கன் சாப்பிடப் போனேன். சின்னக் கோழி, மொறுமொறுவென்று உதிரும் மசாலாப் பொடி, சப்பாத்தி, கூடவே இந்த ஊர்ப் பழைய ஆட்கள் போஞ்சி என்று சொல்லும் எலுமிச்சை வெள்ளம். மாமிக்கு ஏத்தங்காய் அப்பம் பார்சல்.

நான்காம் நாள், திங்கள்

ஆற்றுகால். மதுரையை எரித்த பிறகு கண்ணகி இந்த வழி வந்து கிள்ளியாற்றங்கரையில் தங்கினாள் என்பது ஐதீகம். கோபுரத்துச் சுதைகளில் அவள் கதை. திருவிழாவில் தோற்றம்பாட்டாக அவள் கதையைத்தான் பாடுகிறார்கள். மாசி மாதப் பூரத்தன்று பொங்கல், கோயிலில் தொடங்கிக் கிலோமீட்டர் கணக்கில் ரோட்டோரமெல்லாம் அடுப்பு. 2009ல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸில் பதிவு. மாமி அதில் மூன்று தடவை பொங்கலிட்டவள். அடுப்புக் கல்லைத் தேடி அலைந்ததையும், முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரர் அவளையும் கூட வந்தவர்களையும் திண்ணையில் படுக்க வைத்துக் கஞ்சி கொடுத்ததையும் சொன்னாள். தெரளி, மண்டைப்புற்று என்னும் படையல் பலகாரங்களை அவித்தாளாம். தலைவலி தீர மண்டைப்புற்று. அப்பாவுக்காக ஒரு வருஷம் அவித்ததை இன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள். பொங்கல் முடிந்ததும் அந்தச் செங்கற்களை மாநகராட்சி சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது.

சாயங்காலம் சங்குமுகம். ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்கு, அதாவது தீர்த்தமாட, இங்கே வருவார். வழி விமான ஓடுபாதையைக் கடந்து போகிறது, அந்த நேரத்துக்கு விமானங்களை நிறுத்திவிடுவார்கள். கரையில் கானாயி குஞ்ஞிராமன் வடித்த கடல்கன்னி படுத்திருக்கிறாள். மணல் முன்பைவிட மிகக் குறைவு, கடல் தின்றுவிட்டது. ஒக்கிப் புயல் அடித்த 2017ல் இந்தக் கரையிலிருந்தும் எங்கள் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரையிலிருந்தும் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அங்கே நின்று தெற்கே பார்த்தால் எல்லை எங்கே என்று கடலில் தெரியாது. மாமி அலையில் கால் நனைத்து, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கிழக்கே கோட்டையில் நாகர்கோவில் பஸ். களியக்காவிளை வரும்போது ராத்திரியாகிவிட்டது. மடியில் இருந்த முண்டையும் நேரியதையும் மாமி மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்தாள்.

"இனி எப்ப உடுக்கப் போற மாமி?"

"புரட்டாசியில சாமிமார் குழித்துறைக்கு வரும்லா. அன்னைக்கு."